ஆற்றில் போட்டாலும்

1993 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க நினைத்தவருக்கு ஒரு யோசனை மிச்சமானது. எவ்வளவு போடலாம் என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பங்கு ஒன்று 95 ரூபாய். குறைந்தது 100 பங்கு. ஆக 9,500 ரூபாய். இஷ்டமிருந்தால் போடு, இல்லையென்றால் படிவத்தை மடித்து வை. அன்றைய தங்க விலையில் அது இரண்டரைப் பவுனுக்கு மேல். மாதச் சம்பளக் குடும்பத்தில் வீட்டில் சொல்லாமல் எடுக்க முடியாத தொகை. எடுத்தால் ஒரு வாரம் பேச்சு நடக்கும். பலர் மடித்துத்தான் வைத்தார்கள். அந்த வெளியீடு முழுதாக நிரம்பவில்லை. மார்கன் ஸ்டான்லி நிறுவனம் முன்வந்து 13 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே கரையேறியது.

இன்று அதே கம்பெனியின் ஒரே ஒரு பங்கை, ஒன்றிரண்டு ஆயிரம் ரூபாயில், பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் வாங்கிவிடலாம். வீட்டில் பேச்சே எழாது. வாங்கியவரே மறுவாரம் மறந்துபோகக்கூடும்.

இந்த முப்பது ஆண்டுகளில் பங்குச் சந்தை எப்படி மாறியது என்று எழுதுகிறவர்கள் கணினியைச் சொல்வார்கள், கூச்சல் ஓய்ந்த மன்றத்தைச் சொல்வார்கள், செல்போனைச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஒரு புதுப் பங்கை வாங்கும்போது ‘எவ்வளவு?’ என்ற கேள்விக்கு அன்று சந்தையே பதில் வைத்திருந்தது. ‘எது?’ என்பதைத்தான் நாம் தேடி அலைந்தோம். இன்று எது என்பதை டீக்கடை பெஞ்சிலிருந்து யூடியூப் வரை ஊரே சொல்கிறது. எவ்வளவு என்பதைச் சொல்ல ஆளில்லை.

சந்தை வைத்திருந்த அந்தப் பதிலுக்குப் பெயர் மார்க்கெட் லாட். பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கென்றால் பொதுவாக 50 அல்லது 100. அதற்குக் குறைந்தால் ஆட் லாட், அதாவது சில்லறை. சில்லறையை வாங்க ஆள் தேட வேண்டும்; விற்கப் போனால் சந்தை விலையைவிடக் குறைத்துத்தான் கேட்பார்கள். கம்பெனி மூன்றுக்கு ஒன்று என்று போனஸ் கொடுத்தால் 100 வைத்திருந்தவருக்கு 33 வரும். சந்தோஷம்தான், ஆனால் அந்த 33ஐ என்ன செய்வது? பல வீடுகளின் இரும்புப் பீரோக்களில் இப்படி 33ம் 17ம் 8மாகச் சில்லறைப் பத்திரங்கள் சேர்ந்து கிடந்தன. வாங்கும் அளவையும் விற்கும் அளவையும் லாட்தான் தீர்மானித்தது.

சென்னையில் செகண்ட் லைன் பீச்சில் மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. 1920இல் 100 உறுப்பினர்களோடு தொடங்கி, சில ஆண்டுகளிலேயே படுத்து, 1937இல் மறுபடி எழுந்த சந்தை. அதைச் சுற்றியிருந்த புரோக்கர் ஆபீஸ்களுக்குப் போய் "ஒரு ஐயாயிரத்துக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்க" என்று கேட்க முடியாது. "லாட் நூறு சார், விலை எண்பது. எட்டாயிரம், மேல கமிஷன்" என்று பதில் வரும். ஐயாயிரம் வைத்திருந்தவர் ஒன்று இன்னும் மூவாயிரம் சேர்க்கும்வரை காத்திருப்பார், இல்லை விலை மலிவான வேறொரு கம்பெனிக்கு மாறுவார். அந்தக் காத்திருப்பில் பாதிப் பேருக்கு ஆசை தணிந்துவிடும். அது நல்லதா கெட்டதா என்பது அந்தந்தப் பங்கைப் பொறுத்தது.

லாட்டுக்கு மேல் கமிஷன். சட்டம் அனுமதித்த உச்சம் நூற்றுக்கு இரண்டரை ரூபாய். அதற்கு மேல், பங்கைப் பெயர் மாற்ற டிரான்ஸ்ஃபர் டீடில் நூற்றுக்கு 50 காசு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். பத்திரத்தையும் டீடையும் உறையில் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். விற்றவரின் கையெழுத்து கம்பெனிப் பதிவேட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால் ‘பேட் டெலிவரி’ என்று திரும்பி வரும். புரோக்கர் வழியாக விற்றவரைத் தேடிப் போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் பெயர் மாறிய பத்திரம் கைக்கு வர ஒரு மாதம், இரண்டு மாதம். அதுவரை அதை விற்பது பெரும்பாடு.

ஆகவே அன்று ஒருவர் பங்கில் போட்ட பணத்துக்குத் தானாகவே இரண்டு குணங்கள் வந்துவிட்டன. ஒன்று, அது கணிசமான பணம். இரண்டு, அடுத்த மாத ஸ்கூல் ஃபீஸுக்குத் தேவைப்படாத பணம். தேவைப்படுமென்றால் அதைப் போட்டிருக்கவே மாட்டார், ஏனென்றால் அவசரத்துக்குத் திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும். யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. தபால்காரரும் ஸ்டாம்ப் வெண்டரும் கற்றுக்கொடுத்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது, அதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். லாட் பெரிதாக இருந்ததால் ஒரு குடும்பம் வைத்திருந்த கம்பெனிகள் எட்டு, பத்து, மிஞ்சினால் பதினைந்து. அவற்றில் ஒன்று பெருத்தால் அந்தக் குடும்பத்துக்கு அது உறைத்தது. இன்ஃபோசிஸில் 9,500 போட்டு அசையாமல் இருந்தவரின் கதையை நாம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கக் காரணம், அவர் தேர்ந்தெடுத்த கம்பெனி மட்டுமல்ல, தொகையும்தான். ஆட் லாட்டில் ஐந்து பங்கு வாங்கியிருந்தால் அதே கம்பெனி, அதே வளர்ச்சி, அதே பொறுமை. கதை மட்டும் இருந்திருக்காது.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லாட் என்பது தரையில் ஒரு கோடு; மேலே கூரை எதுவும் இல்லை. பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா காலத்தில், 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,400ஐத் தாண்டியபோது, பி.எஃப். லோன் போட்டுச் சிமென்ட் பங்கு வாங்கியவர்களை எந்த லாட்டும் தடுக்கவில்லை. கடன் வாங்கிச் சூதாட விரும்பியவருக்குப் பத்லா இருந்தது. வட்டி கட்டிக் கணக்கை அடுத்த செட்டில்மென்ட்டுக்குத் தள்ளிக்கொண்டே போகலாம். 90களின் நடுவில் புற்றீசல் போலக் கிளம்பிய புது வெளியீடுகளில் லாட் லாட்டாகப் போட்டு, பிறகு கம்பெனி இருந்த முகவரியில் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. ‘காணாமல் போன கம்பெனிகள்’ என்று அரசாங்கமே பட்டியல் போட்டது. பத்திரம் மட்டும் காணாமல் போகவில்லை. சில வீடுகளில் இன்னும் இருக்கிறது.

இந்தத் தடைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்தது, அந்த நவம்பரில் பங்குகளைக் காகிதமில்லாமல் கணக்கில் வைக்கும் என்எஸ்டிஎல் தொடங்கியது. 1999 முதல் முக்கியப் பங்குகளை டிமேட்டில், அதாவது மின்னணுக் கணக்கில்தான் கைமாற்ற முடியும் என்றானது. டிமேட்டில் லாட் என்பது 1. செட்டில்மென்ட் பதினைந்து நாளிலிருந்து ஐந்து நாள், மூன்று நாள், இரண்டு நாள் என்று சுருங்கி 2023 ஜனவரியில் மறுநாளே என்றாகிவிட்டது. 2015 டிசம்பரில் ஜெரோதா என்ற புரோக்கர் நிறுவனம் பங்கை வாங்கி வைத்திருப்பவரிடம் கமிஷனே வேண்டாம் என்றது. வேறு சிலரும் அந்த வழியில் போனார்கள். அதே 2015இல் மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் சந்தை என்ற அந்தஸ்தைத் துறந்து வெளியேறியது. 2020 மார்ச்சில் நாடெங்கும் சுமார் 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டின.

எல்லாமே முதலீட்டாளருக்கு நல்லது. போன தடைகளில் ஒன்றைக்கூட நான் திரும்பக் கேட்க மாட்டேன். ஆனால் தொகையைத் தீர்மானித்துக் கொடுத்த சுவர்கள் நாலும் போனபின் அந்த வேலை யாரிடம் வந்தது? செயலியைத் திறந்தால் எண்ணிக்கைக் கட்டத்தில் 1 என்று நிற்கிறது. பக்கத்திலேயே கணக்கில் எவ்வளவு இருப்பு என்று காட்டுகிறது. பெரும்பாலானோரின் முதலீட்டுத் தொகை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கோ, மாதத் தேதியைப் பொறுத்து முடிவாகிறது. ஒன்றாம் தேதி பார்த்த பங்குக்கு இருபதாயிரம், இருபத்தைந்தாம் தேதி பார்த்த பங்குக்கு ஆயிரத்து எண்ணூறு. இரண்டில் எது நல்ல கம்பெனி என்பதற்கும் இந்தத் தொகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் ஊரில். இங்கே அளவுகோலைச் சம்பளத் தேதியிடம் கொடுத்திருக்கிறோம்.

இதிலிருந்து இரண்டு வகை ஆட்கள் உருவாகிறார்கள். முதல் வகையின் டிமேட்டைத் திறந்தால் அறுபது, எழுபது கம்பெனிகள். ஒவ்வொன்றிலும் ஆயிரமோ இரண்டாயிரமோ. எவர் எதைச் சொன்னாலும் ‘கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்போம்’ என்று போட்டது. அதில் ஒரு பங்கு பத்து மடங்கானாலும் பதினெட்டாயிரம் லாபம். நண்பர்களிடம் ஸ்க்ரீன்ஷாட் காட்டலாம், பெண்ணின் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாது. கமிஷன் இல்லையே என்று நினைப்பவருக்கு ஒரு சின்னத் தகவல்: விற்கும்போது ஒரு கம்பெனிக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது ரூபாய் டிமேட் கட்டணம் உண்டு. நூறு பங்கு விற்றாலும் அதேதான், ஒரு பங்கு விற்றாலும் அதேதான். நூறு ரூபாய்ப் பங்கை ஒன்று மட்டும் வாங்கி விற்றவர் நூற்றுக்குப் பதினைந்து கொடுத்துவிட்டு ‘ஜீரோ புரோக்கரேஜ்’ என்கிறார். பழைய புரோக்கர் கேட்டதோ இரண்டரை.

இரண்டாம் வகையினர் முதலில் சிறிதாகத்தான் தொடங்குகிறார்கள். பெரிதாவது பிறகு, அவர்களே அறியாமல். சந்தை பாஷையில் இதற்கு ‘ஆவரேஜ் பண்றது’ என்று பெயர். யெஸ் பேங்க்கை எடுத்துக்கொள்ளலாம். 2018 ஆகஸ்டில் பங்கு 400 ரூபாய்க்கு அருகில் இருந்தது. இருபதாயிரம் போடலாம் என்று ஒருவர் முடிவுசெய்து 50 பங்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். விலை 200க்கு வந்தது; மலிவாகிவிட்டதே என்று இன்னொரு இருபதாயிரம், 100 பங்கு. 100க்கு வந்தது, இன்னொரு இருபதாயிரம், 200 பங்கு. 50இல் கடைசியாக ஒருமுறை, 400 பங்கு. இப்போது கையில் 750 பங்கு, சராசரி விலை 107க்குள். போட்டது எண்பதாயிரம். எண்பதாயிரம் போடுவது என்று அவர் எந்த நாளிலும் முடிவெடுக்கவே இல்லை. நாலு முறை இருபதாயிரம் என்றுதான் முடிவெடுத்தார்.

2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி யெஸ் பேங்க்கிலிருந்து பணம் எடுக்கக் கட்டுப்பாடு விதித்தது. மறுநாள் பங்கு ஆறு ரூபாய்க்கும் கீழே போய் வந்தது. அதன்பின் வந்த சீரமைப்புத் திட்டத்தில் ஒரு விதி இருந்தது: பழைய பங்குதாரர்களின் பங்கில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுக்கு விற்க முடியாது, 100க்கும் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. நம் ஆள் முதல் நாள் முடிவோடு நின்றிருந்தால் கையில் 50 பங்கு. எப்போது வேண்டுமானாலும் வெளியேறியிருக்கலாம். 750 ஆனதால் ஐந்நூற்றுச் சொச்சம் பங்கு 2023 மார்ச் வரை பூட்டப்பட்டது. காகிதக் காலத்தில் ஆவரேஜ் பண்ண ஒவ்வொரு முறையும் இன்னொரு லாட், இன்னொரு செக், இன்னொரு ரிஜிஸ்டர் தபால் வேண்டும். மூன்றாவது தபாலுக்குள் கை சலித்துவிடும். இப்போது கட்டைவிரல் சலிப்பதில்லை.

தொழிலாகச் செய்பவர்களுக்கு மட்டும் சட்டம் கூரை போட்டிருக்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, பரவலாக முதலீடு செய்யும் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் திட்டம் தன் சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஒரே கம்பெனியின் பங்கில் போடக்கூடாது. இண்டெக்ஸ் ஃபண்ட், குறிப்பிட்ட துறைக்கான ஃபண்ட் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. ஆராய்ச்சிக் குழு, கம்பெனி நிர்வாகத்தோடு நேரடிப் பேச்சு என்று எல்லாம் உள்ளவருக்கு 10 சதவீதம். ஒரு வீடியோ பார்த்துவிட்டு வாங்குபவருக்கு 100 சதவீதம். முதலீட்டு ஆசான் பெஞ்சமின் கிரஹாம் எச்சரிக்கையான முதலீட்டாளருக்குச் சொன்னது பத்துக்குக் குறையாமல், முப்பதுக்கு மிகாமல் கம்பெனிகள். பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கு மூன்றிலிருந்து பத்து சதவீதம். நம் ஊர் லாட் காலத்துக் குடும்பங்கள் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருந்தன, கிரஹாமைப் படிக்காமலே.

கணக்குப் பிடித்தவர்களுக்கு இன்று வேறு சூத்திரங்கள் கிடைக்கின்றன. டிரேடர்கள் வைத்திருப்பது எளிமையானது. மொத்தம் 5 லட்சம் இருக்கிறது. ஒரு பங்கில் ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய்க்கு மேல் இழக்கத் தயாரில்லை. பங்கு 400. 360க்கு வந்தால் நான் நினைத்தது தப்பு என்று விற்றுவிடுவேன்; அதுதான் ஸ்டாப் லாஸ். வித்தியாசம் 40. ஐயாயிரத்தை நாற்பதால் வகுத்தால் 125 பங்கு, ஐம்பதாயிரம் ரூபாய். எவ்வளவு சம்பாதிப்பேன் என்பதிலிருந்து தொடங்காமல் எவ்வளவு தோற்கலாம் என்பதிலிருந்து தொடங்குவதால் எனக்கு இது பிடிக்கும். ஆனால் 360இல் விற்க முடியும் என்ற நம்பிக்கையின் மேல்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. 2009 ஜனவரி 7 காலையில், சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்ட கடிதம் வெளியானது. முந்தைய நாள் 179 ரூபாயில் முடிந்த சத்யம் அன்று முடிந்தது 40க்கும் கீழே. நடுவில் எங்கே ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும் நினைத்த விலை கிடைத்திருக்காது. அந்த மாதிரி நாளுக்குத் தொகை ஒன்றுதான் காப்பு. பத்து லட்சத்தில் ஐம்பதாயிரம் சத்யத்தில் இருந்தால் ஒரே நாளில் போனது சுமார் 39,000, வலிக்கும், அவ்வளவுதான். மூன்று லட்சம் இருந்தால் போனது 2,33,000. பழைய இடத்துக்கு வர மிஞ்சியதெல்லாம் முப்பது சதவீதம் ஏற வேண்டும்.

இன்னும் நுணுக்கமாகப் போகிறவர்கள் கெல்லி சூத்திரம் பேசுகிறார்கள். பெல் லேப்ஸில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956இல் எழுதியது. ஜெயித்தால் போட்டதற்கு ஒரு மடங்கு லாபம், தோற்றால் போட்டது போகும், ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு என்றால் கையிலிருப்பதில் 20 சதவீதம் போடு என்று அது சொல்லும். அழகான கணக்கு. அந்த 60ஐ யார் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

புது வெளியீடுகளில் மட்டும் பழைய உலகம் பாதி உயிரோடு இருக்கிறது. அங்கே இன்றும் லாட் உண்டு, சிறு முதலீட்டாளரின் முதல் லாட் பதினாலாயிரம், பதினைந்தாயிரத்தை ஒட்டி அமைகிறது. 2022 மே மாதம் எல்ஐசி பங்கு வந்தபோது பாலிசி வைத்திருந்த எத்தனையோ வீடுகள் அதற்காகவே டிமேட் கணக்கு தொடங்கின. லாட் 15 பங்கு, பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி போக 889 வீதம் 13,335 ரூபாய். முதல் நாளே பங்கு வெளியீட்டு விலைக்குக் கீழே பட்டியலானது. அப்படியும் ஒரு லாட்டோடு நின்றவர்களுக்குப் பெரிய காயமில்லை. வெளியீடு அளவு மீறி நிரம்பினால் சிறு முதலீட்டாளருக்குக் குலுக்கலில் ஒரு லாட்தான் கிடைக்கும் என்ற விதி 2012இல் வந்தது. பதிமூன்று லாட்டுக்குக் கேட்டாலும் ஒரு லாட்டுக்குக் கேட்டாலும் அந்தக் குலுக்கலில் வாய்ப்பு ஒன்றே. இது தெரியாமல் இரண்டு லட்சத்தை முடக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் மனைவி, மகன், மாமியார் என்று ஆளுக்கொரு டிமேட்டில் ஒவ்வொரு லாட் போடுகிறார்கள். பாட்டி பெயரில் படிவம் போட்ட காலத்துக்கும் இதற்கும் நடுவில் பான் கார்டு ஒன்றுதான் புதிது.

பத்லாவை 2001 ஜூலையில் ஒழித்தார்கள். அதன் வேலையை இப்போது முறைப்படுத்தப்பட்ட இன்னொன்று செய்கிறது. வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எம்டிஎஃப் என்று மூன்று எழுத்து. தட்டினால் நாம் போடும் பணத்தோடு புரோக்கரின் பணமும் சேர்ந்துகொள்ளும், நாள் வட்டிக்கு. ஐம்பதாயிரம் என்று நாம் அளந்தது ஒரு தட்டலில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சமாகிறது. தொகையைப் பற்றி நமக்கு வரும் ஆலோசனை ஏதாவது உண்டென்றால் இந்த ஒன்றுதான், அதுவும் கூட்டச் சொல்லும் ஆலோசனை.

பழைய காலத்துத் தரைக்கோடு பட்டியலிட்ட பங்குகளில் இன்னும் அழியாமல் தெரிவது எம்ஆர்எஃப்பில். திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனியின் ஒரு பங்கு 2023 ஜூனில் லட்ச ரூபாயைத் தாண்டியது. முகமதிப்பு இன்னும் பத்து ரூபாய், பங்கைப் பிரிக்கவில்லை. பங்கின் துண்டை விற்க நம் ஊரில் வழியில்லை. ஒரு கம்பெனியில் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று நினைப்பவர் எம்ஆர்எஃப்பில் ஒரு பங்கு வாங்கக் கையில் 20 லட்சத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். இல்லாதவர் விலையைப் பார்த்து "அம்மாடி" என்றுவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார். அங்கே ஒரு பங்கு 12 ரூபாய். மலிவாக இருக்கிறதே என்று ஐயாயிரம் பங்கு வாங்குகிறார். அது அறுபதாயிரம் ரூபாய்.